'இன்சைடு அவுட் 2': ரைலி வளர்ந்துவிட்டாள், படமும் வளர்ந்ததா?

ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் முரட்டுத்தனமாக மோதியவரை இரண்டு நிமிடம் விலக்கி உட்கார வைக்க, ஆடுகளத்தின் ஓரத்தில் ஒரு தடுப்பறை இருக்கும். பெனால்டி பாக்ஸ் என்பார்கள். 'இன்சைடு அவுட் 2' படத்தின் கடைசிப் பகுதியில் 13 வயது ரைலி அந்த அறைக்குள் உட்கார்ந்திருக்கிறாள். தன் தோழியின் மீதே மோதி அவளைத் தள்ளிவிட்டு வந்திருக்கிறாள். மூச்சு வாங்குகிறது. கை நெஞ்சுக்குப் போகிறது. சுற்றியிருக்கும் சத்தமெல்லாம் தூரத்துக்குப் போய்விடுகிறது. அதே நேரத்தில் அவளுடைய தலைக்குள், உணர்வுகள் நின்று வேலை செய்யும் கட்டுப்பாட்டு மேடையைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் ஒரு சூறாவளி சுழல்கிறது. அதன் நடுவில் 'பதற்றம்' என்ற பாத்திரம் மேடையைப் பிடித்தபடி உறைந்து நிற்கிறாள். கண்ணில் நீர் கோத்திருக்கிறது. பிடித்த கையை எப்படி விடுவது என்று அவளுக்கே தெரியவில்லை.

தியேட்டரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் மகள் அப்போதுதான் எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள். படம் முழுக்கச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவள் இந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, "பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி எனக்கு இப்படித்தான் வரும், அத்தை" என்றாள். அவளுக்கு அப்படி வருகிறது என்பது அதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒரு படம் இதைச் செய்துவிட்டால் அதைக் குறை சொல்ல மனம் வருவதில்லை. ஆனால் இது 'இன்சைடு அவுட்' படத்தின் இரண்டாம் பாகம். முதல் படம் எனக்கு மிகவும் நெருக்கமானது. அதனால் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை: முதல் படத்துக்கு இது ஈடாகிறதா?

கதையை முழுதாகச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குள் போக வழியில்லை. படங்களை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

முதல் படம் 2015-இல் வந்தது. பிக்ஸார் என்ற அமெரிக்க அனிமேஷன் நிறுவனத்தின் பீட் டாக்டர் இயக்கியது. அவருடைய மகள் சிறு வயதில் துள்ளித் திரிந்தவள், பதினொரு வயதை எட்டியபோது பேச்சு குறைந்து ஒதுங்க ஆரம்பித்தாள். இவள் தலைக்குள் என்னதான் நடக்கிறது என்று தகப்பனாக அவர் யோசித்ததுதான் படத்தின் வித்து. படத்தில் ரைலிக்கும் 11 வயது. மினசோட்டாவில் பிறந்து வளர்ந்தவள், அப்பாவின் வேலைக்காகக் குடும்பத்தோடு சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்கிறாள். புது வீடு இருட்டாக இருக்கிறது. சாமான்கள் ஏற்றிய லாரி வந்து சேரவில்லை. பீட்சா வாங்கப் போனால் அதன் மேல் பிராக்கோலி. வெளியிலிருந்து பார்த்தால் கதை இவ்வளவுதான். மீதியெல்லாம் அவள் தலைக்குள் நடக்கிறது. அங்கே மகிழ்ச்சி, சோகம், கோபம், அச்சம், அருவருப்பு என்று ஐந்து உணர்வுகள் ஐந்து ஆட்களாக நின்று அவளை நடத்துகிறார்கள்.

ஏன் ஐந்து? உணர்வுகளை ஆராயும் உளவியலாளர்கள் பால் எக்மன், டாக்கர் கெல்ட்னர் இருவரும் படத்துக்கு ஆலோசகர்கள். எக்மன் அடிப்படை உணர்வுகளாகச் சொன்ன ஆறில் வியப்பும் உண்டு. கார்ட்டூன் பாத்திரமாக்கினால் வியப்பும் அச்சமும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும் என்று இயக்குநர் பீட் டாக்டர் அதை விட்டுவிட்டார்.

நம் பக்கத்தில் இந்தக் கணக்கு வெகு காலத்துக்கு முன்பே போடப்பட்டிருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டை எண்ணுகிறது. படத்தின் ஐந்தும் அந்த எட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. மருட்கை, அதாவது வியப்பு, அங்கேயும் தனியாக நிற்கிறது. எண்ணிக்கைப் பொருத்தத்தைவிட என்னை ஈர்ப்பது அந்த இயல் ஒவ்வொரு உணர்வும் எதிலிருந்து பிறக்கிறது என்று சொல்லும் இடம். அழுகை பிறக்கும் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அசைவு என்றால் முன்பிருந்த நிலை கெட்டு வேறொன்றாகி வருந்துவது என்று உரை சொல்கிறது. மினசோட்டாவை விட்டு வந்த ரைலிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. உவகைக்குச் சொல்லும் நான்கில் விளையாட்டும் ஒன்று, அந்த உவகைக்கு அடைமொழி 'அல்லல் நீத்த' என்பது. அல்லலே இல்லாத உவகை. ரைலியின் தலைக்குள் இருக்கும் மகிழ்ச்சி அவளுக்காகக் கேட்பது அதைத்தான். இரண்டு படங்களிலும் அவள் செய்யும் தவறுகள் எல்லாம் அந்த ஆசையிலிருந்து வருகின்றன.

முதல் படம் தன் உயிர்நாடியைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தது. தொடக்கத்தில் எழுதிய கதையில், உணர்வுகள் இருந்து ரைலியை நடத்தும் தலைமையகத்தை விட்டு வெளியே தூக்கி எறியப்படும் இருவர் மகிழ்ச்சியும் அச்சமும். வேலை ஆண்டுக்கணக்கில் நடந்த பிறகு, 2012-இல், இந்தப் படம் தேறாது, தான் விலக வேண்டியதுதான் என்ற நிலைக்கு பீட் டாக்டர் வந்துவிட்டார். காட்டுப் பாதையில் நடந்துகொண்டே, விலகினால் எதை இழப்பேன் என்று யோசித்தார். வீடும் வேலையும் கண்முன் வரவில்லை. நண்பர்கள் வந்தார்கள். யாரோடு சிரித்தாரோ அவர்களோடு மட்டும் அந்த நெருக்கம் உண்டாகவில்லை, யாரோடு சேர்ந்து துக்கப்பட்டாரோ அவர்களோடுதான் உண்டாகியிருந்தது. அச்சத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோகத்தை வைத்தார். படம் பிழைத்தது.

அந்த மாற்றம் என்ன செய்தது என்பதை ஒரு காட்சியில் பார்க்கலாம். ரைலி சின்னக் குழந்தையாக இருந்தபோது கற்பனையில் உண்டாக்கிய தோழன் பிங் பாங். கொஞ்சம் யானை, கொஞ்சம் பூனை, கொஞ்சம் டால்ஃபின், உடம்பு பஞ்சுமிட்டாய். பாட்டுப் பாடினால் பறக்கும் ஒரு தள்ளுவண்டி அவனிடம் இருக்கிறது, ரைலியோடு நிலவுக்குப் போக வைத்திருந்த ராக்கெட். மனத்தின் துப்புரவுப் பணியாளர்கள் அதைக் குப்பைப் பள்ளத்தில் தள்ளிவிடுகிறார்கள். அவன் அப்படியே உட்கார்ந்துவிடுகிறான். மகிழ்ச்சி அவனைக் கிச்சுக்கிச்சு மூட்டுகிறாள், முகத்தைக் கோணிக் காட்டுகிறாள், விளையாடலாம் வா என்கிறாள். எதுவும் எடுபடவில்லை. அப்போது சோகம் வந்து அவன் பக்கத்தில் உட்காருகிறாள். உனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், இனி அது வராது என்கிறாள். அவ்வளவுதான். அவன் மிட்டாய்க் கண்ணீராகக் கொட்டி அழுகிறான். அழுது முடித்து, இப்போது பரவாயில்லை என்று எழுந்து நடக்கிறான். மகிழ்ச்சிக்கு ஒன்றும் புரியவில்லை.

துக்க வீட்டுக்குப் போனால் நம் பெண்கள் செய்வதும் இதுதானே. யாரும் ஆறுதல் மொழி தேடுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, போனவரைச் சொல்லி, சேர்ந்து அழுகிறார்கள்.

பிறகு மகிழ்ச்சியும் பிங் பாங்கும் வண்டி கிடக்கும் அதே மறதிப் பள்ளத்தில் விழுந்து மாட்டிக்கொள்கிறார்கள். வண்டியில் ஏறி, பாடி, பறந்து பார்க்கிறார்கள். இருவர் பாரத்துக்கு வண்டி எட்டவில்லை. கடைசி முறை பிங் பாங் பாதியில் குதித்துவிடுகிறான். எனக்காக அவளை நிலவுக்கு அழைத்துப் போ என்று சொல்லி, கை கால் எல்லாம் புகையாகி, மறைந்துவிடுகிறான். படம் அவனைத் திருப்பித் தருவதே இல்லை. ரைலிக்கு அவன் இல்லாமல் போனதுகூடத் தெரியாது. குழந்தைப் பருவத்தில் எத்தனையோ இப்படித்தான் நம்மை அறியாமல் போயிருக்கின்றன என்பது அந்த இடத்தில் பெரியவர்களுக்கு உறைக்கிறது, தியேட்டரில் அம்மா அப்பாக்கள் அழுதது அதனால்தான்.

முதல் படத்தின் பெருமை எது என்று கேட்டால் நான் இந்த இழப்பைச் சொல்வேன். உணர்வுகளை ஆட்களாக்கிய உத்தி புதியது, அழகானது, ஆனால் உத்தி மட்டும் ஒரு படத்தை ஒன்பது ஆண்டுகள் மனத்தில் வைத்திருக்காது. அந்தப் படத்தில் போனது போனதுதான். அதை அழுது ஏற்றுக்கொண்ட பிறகுதான் ரைலி வீட்டுக்குத் திரும்புகிறாள், நான் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று உங்களுக்கு ஆசை, ஆனால் எனக்கு மினசோட்டா வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லி உடைகிறாள். அவர்கள் அவளை அணைக்கிறார்கள். ஒரு பெருமூச்சு. மகிழ்ச்சியின் மஞ்சளும் சோகத்தின் நீலமும் கலந்த ஒரு நினைவு உருண்டை தலைமையகத்துக்கு உருண்டு வருகிறது.

இரண்டாம் பாகங்களைப் பற்றிப் பொதுவாக ஒரு வார்த்தை. பிக்ஸாரின் முதல் தொடர்ச்சிப் படம் 1999-இல் வந்த 'டாய் ஸ்டோரி 2'. நேரடியாக வீடியோவில் வெளியிடுவதற்காகத் தொடங்கி, பிறகு தியேட்டர் படமாக்கி, கதை சரியில்லை என்று ஏறக்குறைய ஒன்பது மாதத்தில் புதிதாகச் செய்தார்கள். அது நின்றதற்குக் காரணம் கேள்வியை நகர்த்தியதுதான். முதல் படத்தில் பொம்மையின் கவலை, என் இடத்தைப் புதியவன் பறித்துவிடுவானோ என்பது. இரண்டாவதில், குழந்தை வளர்ந்து என்னை மறக்கத்தான் போகிறது, அது தெரிந்தும் அதனோடு இருக்கட்டுமா, அல்லது அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் என்றென்றும் இருக்கட்டுமா என்பது. இதற்கு மாறாக, 14 ஆண்டு கழித்து 2018-இல் வந்த 'இன்கிரெடிபிள்ஸ் 2' கணவன் வீட்டிலும் மனைவி வெளியிலும் என்று இடம் மாற்றிக்கொண்டது, சண்டைக் காட்சிகளில் அசத்தியது, கேள்வியை மட்டும் அங்கேயே விட்டுவிட்டது. பார்க்கும்போது இனித்தது, வீட்டுக்கு வருவதற்குள் கரைந்துவிட்டது.

'இன்சைடு அவுட் 2' உருவான காலம் பிக்ஸாருக்கு நல்ல காலம் இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில் 'சோல்', 'லூகா', 'டர்னிங் ரெட்' மூன்றும் அமெரிக்காவில் தியேட்டர் காணாமல் நேராக டிஸ்னியின் ஓடிடி தளத்துக்குப் போயின. 2022-இல் 'லைட்இயர்' தோற்றது. 2024 மே மாதம், இந்தப் படம் வெளிவரச் சில வாரங்கள் இருக்கும்போது, நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 14 விழுக்காட்டினரை வேலையிலிருந்து நீக்கியது. ஜூன் 14 அன்று படம் வெளியானது. உலகம் முழுவதும் ஏறக்குறைய 170 கோடி டாலர் வசூலித்து, அதுவரை வந்த அனிமேஷன் படங்களில் முதலிடம் பிடித்தது. அடுத்த ஆண்டு சீனாவின் 'நே ஜா 2' அதைத் தாண்டியது. முதல் 'இன்சைடு அவுட்' வசூலித்தது சுமார் 86 கோடி டாலர், அதாவது பாதி. பணத்தைக் கொண்டு அளந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவையில்லை.

இயக்குநர் மாறியிருந்தார். பீட் டாக்டர் இதற்குள் பிக்ஸாரின் படைப்புத் தலைவராகிவிட்டார். கெல்சி மேன் என்பவருக்கு இது முதல் முழுநீளப் படம். முதல் படத்தை எழுதியவர்களில் ஒருவரான மெக் லெஃபாவ் இதிலும் இருந்தார், டேவ் ஹோல்ஸ்டீன் சேர்ந்துகொண்டார். முதல் படத்துக்கு இசையமைத்த மைக்கேல் ஜியாக்கினோவின் இடத்துக்கு ஆண்ட்ரியா டாட்ஸ்மன் வந்தார், பிக்ஸாரின் முழுநீளப் படம் ஒன்றுக்கு இசையமைத்த முதல் பெண் அவர். கெல்ட்னரோடு, பதின்ம வயதுப் பெண்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கும் உளவியலாளர் லிசா டமோர் ஆலோசகராக இருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒன்பது பதின்ம வயதுப் பெண்களைக் கொண்ட ஒரு குழுவை வைத்து, படம் வளர வளர அவர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். அந்தப் பெண்களின் கை படத்தில் தெரிகிறது. பெனால்டி பாக்ஸ் காட்சியைப் பெரியவர்கள் மட்டும் உட்கார்ந்து எழுதியிருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

கதைக்கு வருவோம். ரைலிக்கு 13 வயது. பல்லில் கம்பி. ஒரு நள்ளிரவில் கட்டுப்பாட்டு மேடையில் அபாய மணி அடிக்கிறது: பருவம் வந்துவிட்டது. இடிப்புத் தொழிலாளர்கள் சுத்தியலோடு புகுந்து தலைமையகத்தை உடைத்து, மேடையைப் பிரித்து மாட்டிவிட்டுப் போகிறார்கள். காலையில் யாராவது லேசாகத் தொட்டாலும் ரைலி வெடிக்கிறாள். வளர்ந்த பிள்ளை இருக்கும் எந்த வீட்டுக்கும் இதற்கு விளக்கம் வேண்டாம். பிறகு பெட்டி படுக்கையோடு புதியவர்கள் வருகிறார்கள்: பதற்றம், பொறாமை, சலிப்பு, கூச்சம்.

இங்கே மறுபடி மெய்ப்பாட்டியலைத் திறக்க வேண்டியிருக்கிறது. எட்டைச் சொல்லி முடித்த தொல்காப்பியர், ஒருபுறம் இவையும் உண்டு என்று இன்னும் முப்பத்திரண்டை அடுக்குகிறார். அந்தப் பட்டியலில் நாணுதல் இருக்கிறது, மடிமை இருக்கிறது, பொறாமை இருக்கிறது, நடுக்கு இருக்கிறது. புதிதாக வந்த நால்வரும் கிட்டத்தட்ட அப்படியே. முதல் வரிசையில் ஐவர், இரண்டாம் வரிசையில் நால்வர் என்று படமும் பிரிக்கிறது, நூலும் பிரிக்கிறது. மனித மனத்தைக் கூர்ந்து பார்த்தவர்கள் எந்தக் காலத்தில் எந்த ஊரில் இருந்தாலும் ஏறக்குறைய ஒரே வரிசைக்கு வந்து சேர்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு தனி நிறைவு உண்டு. இளமையில் அச்சம் பளிச்சென்று இருக்கும், நாயைக் கண்டால் பயம், இருட்டைக் கண்டால் பயம். நாணமும் பொறாமையும் வர, பிறர் கண்ணால் தன்னைப் பார்க்கத் தெரிய வேண்டும். அது பதின்மூன்று வயதில்தான் முழுதாக வருகிறது.

படத்தில் பதற்றம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் இடம் அருமை. அச்சம் ரைலியைக் கண்ணுக்குத் தெரியும் ஆபத்துகளிலிருந்து காப்பாற்றுகிறான், என் வேலை கண்ணுக்குத் தெரியாதவற்றிலிருந்து காப்பாற்றுவது என்கிறாள். ஒரே வரியில் பயத்துக்கும் பதற்றத்துக்கும் உள்ள வேறுபாடு குழந்தைக்கும் விளங்கிவிடுகிறது. அவள் வில்லியாக வரவில்லை. ரைலியின் மேல் உள்ள அன்பால்தான் எல்லாம் செய்கிறாள். மூன்று நாள் ஹாக்கி முகாமுக்குப் போகும் வழியில், தோழிகள் பிரீயும் கிரேஸும் வேறு உயர்நிலைப் பள்ளியில் சேரப்போவது ரைலிக்குத் தெரிகிறது. உடனே பதற்றம் கணக்குப் போடுகிறாள்: புதுப் பள்ளியில் இவள் தனியாக நிற்கக் கூடாது என்றால், மூத்த வீராங்கனை வேலின் கூட்டத்தில் இப்போதே சேர்ந்துவிட வேண்டும். அதற்குத் தடையாக இருக்கும் பழைய ஐந்து உணர்வுகளையும் ஜாடியில் அடைத்து வெளியே அனுப்பிவிடுகிறாள்.

அந்த மூன்று நாளில் ஓர் இரவு. ரைலிக்குத் தூக்கம் வரவில்லை. கற்பனை நாட்டில் ஒரு பெரிய அலுவலகக் கூடம், வரிசை வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பணியாளர் குனிந்து வரைந்துகொண்டிருக்கிறார். நாளை என்னவெல்லாம் கெட்டுப்போகலாம் என்று வரைய வேண்டும், அதுதான் வேலை. கோல் போடத் தவறிவிடுவாள், எல்லோரும் சிரிப்பார்கள், பயிற்சியாளர் வெறுப்பார். படம் படமாகப் பதற்றத்துக்குப் போகிறது. நள்ளிரவில் விழித்துக் கிடக்கும் மனத்தை இதைவிடத் துல்லியமாக வேறெந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. முதல் படத்திலும் இப்படியொரு காட்சி இல்லை என்று தயங்காமல் சொல்வேன்.

இன்னொரு புதுமை தலைமையகத்துக்கு அடியில் இருக்கும் நீர்நிலை. நினைவு உருண்டையை அதில் விட்டால் ஒளிரும் இழை ஒன்று முளைத்து மேலே வருகிறது. அதைத் தட்டினால் ஒரு நம்பிக்கை குரலாக ஒலிக்கிறது. இழைகள் பின்னி மேலே ஒரு செடிபோல நிற்பதுதான் ரைலியின் 'தான்'. பழைய உணர்வுகள் வளர்த்த செடி 'நான் நல்லவள்' என்று பாடும். அந்தச் செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பதற்றம் தானே வளர்க்கும் செடி, 'நான் போதாதவள்' என்கிறது. அது ஒலிக்கும்போது பதற்றமே திடுக்கிடுகிறாள், இதையா நான் வளர்த்தேன் என்பதுபோல. முதல் படம், சோகம் எதற்கு என்று கேட்டது. இரண்டாம் படம், நான் யார் என்று கேட்கிறது. ஆக, கேள்வி நகர்ந்திருக்கிறது. 'டாய் ஸ்டோரி 2' செய்ததை இதுவும் செய்யத் துணிந்திருக்கிறது.

பிறகு எங்கே இடறுகிறது?

பாதை பழையது. முதல் படத்தில் மகிழ்ச்சியும் சோகமும் தலைமையகத்தை விட்டு வெளியேறி, மனத்தின் மூலை முடுக்கெல்லாம் அலைந்து திரும்பினார்கள். இதிலும் அதே. ஐவரும் வெளியே, ஐவரும் அலைகிறார்கள், கடைசி நேரத்தில் திரும்புகிறார்கள். முதல் முறை ஒவ்வொரு ஊரும் கதையை ஓர் அடி முன்னே தள்ளியது. இப்போது வழியில் வரும் நனவோடையும் கேலிப் பள்ளத்தாக்கும் சிரிக்க வைக்கின்றன, சிரித்ததும் பின்னால் போய்விடுகின்றன. புதியவர்களில் பதற்றம் ஒருத்திதான் முழுப் பாத்திரம். சோபாவில் சாய்ந்து கைப்பேசியால் எல்லாவற்றையும் நடத்தும் சலிப்பு நன்றாகச் சிரிக்க வைக்கிறாள், பொறாமைக்கு அதுவும் இல்லை. 13 வயதுப் பெண்ணின் உள்ளத்தில் பொறாமை அவ்வளவு சிறிய இடத்தையா பிடிக்கும்?

அபாய மணி அடித்துப் பருவம் வந்ததாகச் சொல்லிவிட்டு, உடம்பைப் பற்றிப் படம் வாய் திறக்கவில்லை என்பதும் எனக்குக் குறைதான். வியர்வை நாற்றம் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறது. இதே நிறுவனத்தின் 'டர்னிங் ரெட்' அதே 13 வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு, மாதவிடாய் அணையாடையை அம்மா கையில் தூக்கிக்கொண்டு வருவதைக் கூச்சமில்லாமல் காட்டியது.

மகிழ்ச்சி மறுபடி அதே தவறைச் செய்கிறாள் என்று பலர் குறைபட்டார்கள். கசப்பான நினைவுகளை ஒரு குழாய் வழியாக மனத்தின் பின்கட்டுக்கு அனுப்பிவிடுகிறாளே, முதல் படத்தில் கற்ற பாடம் எங்கே போனது என்றார்கள். இதை நான் குறையாக எடுக்கவில்லை. குழந்தை அழுதால் அழவிட வேண்டும் என்று ஒருமுறை கற்றுக்கொண்ட அம்மா, அவள் வளர்ந்ததும் மறுபடி எல்லா வலியிலிருந்தும் மறைக்கப் பார்ப்பாள். அல்லல் நீத்த உவகைக்கான ஆசை அவ்வளவு எளிதில் விடுவதில்லை. அந்த ஆசை தோற்கும் கணத்தைப் படம் நன்றாகவே தருகிறது. பாதி வழியில் மகிழ்ச்சி ஓய்ந்து உட்கார்ந்துவிடுகிறாள். வளர்வது என்றால் இதுதானோ, மகிழ்ச்சி குறைந்துகொண்டே போவதுதானோ என்று மெல்லச் சொல்கிறாள். அதைக் கேட்ட பெரியவர்கள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

எனக்குள்ள பெரிய மனக்குறை சோகத்தைப் பற்றியது. முதல் படத்தின் கண்டுபிடிப்பே அவள்தான். இரண்டாவதில் அவளுக்குக் கிடைத்த வேலை, திருட்டுத்தனமாகத் தலைமையகத்துக்குள் நுழைந்து ஒளிந்திருந்து மற்றவர்களைத் திருப்பி வரவழைப்பது. கூச்சம் அவளைக் காட்டிக்கொடுக்காமல் மறைத்து வைப்பது இனிமையான காட்சி. ஆனால் அது தூது போகும் வேலை. அவளுக்கே உரிய வேலை இந்தக் கதையில் ஒன்று காத்துக்கொண்டிருந்தது, யாரும் அதை அவளிடம் கொடுக்கவில்லை. தோழிகள் பிரியப்போகிறார்கள். ரைலியின் வாழ்க்கையில் உண்மையான இழப்பு அதுதான். காரில் அது தெரியவரும் கணத்தில் அவள் முகம் மாறுகிறது, பிறகு மூன்று நாளும் அதைச் சுற்றித்தான் ஓடுகிறாள். கடைசியில் தோழிகளிடம் மன்னிப்புக் கேட்கிறாள், அவர்கள் மன்னிக்கிறார்கள், மூவரும் அணைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் இல்லாமல் நான் எப்படி அந்தப் பள்ளிக்குப் போவேன் என்று அவள் ஒருமுறைகூட அழவில்லை. பதற்றத்தின் அடியில் கிடந்தது அழாத அழுகை என்பதைப் படம் தொட வந்து, தொடாமல் போய்விடுகிறது.

இதே அவசரம் உச்சக் காட்சியிலும் இருக்கிறது. மகிழ்ச்சி தலைமையகத்துக்குத் திரும்பியதும் பதற்றத்தின் செடியை அகற்றி, 'நான் நல்லவள்' என்ற பழைய செடியைத் திரும்ப நடுகிறாள். சூறாவளி நிற்கவில்லை. அப்போது அவளுக்குப் புரிகிறது. தன் கையால், வருடக்கணக்கில் ஒவ்வொரு நினைவாகப் பொறுக்கி வளர்த்த அந்தச் செடியைத் தானே பிடுங்குகிறாள். பிங் பாங் மறைந்ததற்குச் சமமான இழப்பு இது. 'நான் நல்ல பெண்' என்ற குழந்தைப் பருவத்து நம்பிக்கை, ஐயமே இல்லாத அந்த நம்பிக்கை, இனி ரைலிக்குக் கிடைக்கப்போவதில்லை. ஆனால் சில நொடிகளிலேயே புதிய செடி முளைத்துவிடுகிறது: நான் சுயநலக்காரி, நான் அன்பானவள், நான் துணிச்சலானவள், எனக்குப் பயமாக இருக்கிறது, எனக்குச் சில நேரம் உதவி வேண்டும். எல்லா உணர்வுகளும் சேர்ந்து அதை அணைத்துக்கொள்கின்றன. கருத்து உண்மையானது, காட்சி அழகானது. போனதற்காக யாரும் ஒரு கணம் நின்று அழவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பள்ளத்திலே பிங் பாங் புகையாவதை முதல் படம் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றது. இந்தப் படத்துக்கு அந்தப் பொறுமை இல்லை.

ஈடா என்று கேட்டால், ஈடில்லை என்றுதான் சொல்வேன். முதல் படம் ஒரு முழுமை, அதில் எதை உருவினாலும் சரிந்துவிடும். இரண்டாவதில் உருவக்கூடிய அரைமணி நேரம் இருக்கிறது. ஆஸ்கர் கணக்கும் ஏறக்குறைய இப்படியே போனது: முதல் படம் சிறந்த அனிமேஷன் படத்துக்கான விருதை வாங்கியது, இரண்டாவது பரிந்துரையோடு நின்று, வசனமே இல்லாத லாத்வியப் படமான 'ஃப்ளோ'விடம் தோற்றது. ஆனால் முதல் படம் யாருக்காகப் பேசியதோ அவர்கள் வேறு. அதில் அதிகம் அழுதவர்கள் பெற்றோர். இரண்டாவது படம் 13 வயதுக்காரர்களிடமே நேராகப் பேசுகிறது. மூச்சு அடைக்கும்போது அதற்கு ஒரு பெயரும் ஆரஞ்சு நிறமும் பரட்டைத் தலையுமாக ஓர் உருவம் கொடுத்திருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் அண்ணன் மகளால் அதைச் சொல்ல முடிந்தது. முதல் படத்தைக் காட்டியபோது அவள் பிங் பாங்குக்காகக் கண் கலங்கினாள், தன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

பெனால்டி பாக்ஸில் சூறாவளி அடங்கிய பிறகு ரைலியின் கை, உட்கார்ந்திருக்கும் பலகையைத் தொடுகிறது. மரத்தின் சொரசொரப்பு. கை மேல் வெயில். பனித்தரையில் சறுக்குக் காலணிகள் கீறும் சத்தம் மெல்லத் திரும்பி வருகிறது. பேச்சே இல்லாத அந்தச் சில நொடிகளில் இந்தப் படம் முதல் படத்தின் உயரத்துக்கு ஏறிவிடுகிறது.

கதை முடியும் தறுவாயில், புது அணியில் இடம் கிடைக்குமா என்று பதற்றம் மறுபடி படபடக்க ஆரம்பிக்கிறாள். யாரும் அவளை ஜாடியில் அடைக்கவில்லை. மகிழ்ச்சி அவளை ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார வைக்கிறாள். அது நம் கையில் இல்லை, நம் கையில் இருப்பது எது என்று கேட்கிறாள். பதற்றம் யோசிக்கிறாள். ரைலிக்கு நாளைக்கு ஸ்பானிஷ் தேர்வு இருக்கிறது.